இடது காதில் கேட்ட விசில்

"உனக்கு ஏதோ பிரமை" என்று சொல்ல வாய் திறப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காது பரிசோதனைதான் என் வேலை. காது டாக்டர் ஒருவரிடம் பல வருடமாக இதைத்தான் செய்கிறேன். யாருக்கு உண்மையாகவே கேட்கிறது, யார் கேட்பது போல நடிக்கிறார், யாருக்கு இல்லாத சத்தம் கேட்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். என் காதில் இதுவரை யாரும் பூ சுற்றியதில்லை. இது நடந்தது. எனக்கும் என் தம்பிக்கும் நடந்தது. முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

தம்பியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவனுக்கு இடது காது போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது. வலது காது நன்றாகக் கேட்கும். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறான். மெஷின் பக்கம் இடது காதைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டால் நாள் முழுக்க நிம்மதி என்பான். "இந்த வேலைக்குன்னே செஞ்ச காதுக்கா" என்று பெருமை வேறு.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு காது மட்டும் உள்ளவர்களுக்குச் சத்தம் கேட்கும், அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. இரண்டு காதும் சேர்ந்தால்தான் திசை புரியும். வீட்டில் அவன் செல்போன் அடித்தால் கூத்துதான். சோபாவுக்கு அடியில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், அழுக்குத் துணிக்குள் எல்லாம் கையை விட்டுத் துழாவுவான். போன் மேஜை மேல் கண்ணெதிரே கிடக்கும். நான் சொல்லாமல் உட்கார்ந்து சிரிப்பேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எங்களுக்கு வேறு யாரும் இல்லை.

இந்த ஆள்தான் மலைக்கு நடக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

அச்சகத்திலிருந்து பெரிய வரைபடம் ஒன்றை அச்சடித்து வந்து ஹால் சுவரில் ஒட்டினான். மலைத்தொடர், நடுவில் காடு, அங்கங்கே ஓடை. முதுகில் பையைப் போட்டுக்கொண்டு நடப்பது, இருட்டினால் கூடாரம் போட்டுத் தூங்குவது, மறுநாள் மறுபடி நடப்பது. நான்கு ராத்திரி. அதுவும் தனியாக.

"மழைக்காலத்துல எவனாவது மலைக்குப் போவானா?"

"அந்த மலையில எல்லா மாசமும் மழைக்காலம்தான்க்கா."

"அப்போ எந்த மாசமும் போகாதே."

அவன் கேட்கவில்லை. இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு வரைபடத்தையே பார்த்தான். சண்டை போடும்போது அவன் எப்போதும் செய்கிற வேலை இது.

மழைக்கு நான் பயப்படவில்லை. மூடுபனிக்குத்தான் பயந்தேன். அந்த மலையில் திடீரென்று மேகம் இறங்கிவிடும், நீட்டிய கை தெரியாது என்று அவனே சொன்னான். கண் தெரியாவிட்டால் குரலை வைத்துத்தானே ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும்? நான் கூப்பிடுவேன். அவனுக்குக் கேட்கும். கேட்டுவிட்டு நேர் எதிர்ப்பக்கம் நடப்பான். அந்தப் பக்கம் பள்ளம் இருக்கும். இதை நினைத்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்க்கத் தோன்றும். கடைசியில் ஒருநாள் சாப்பிடும்போது, "நானும் வரேன்" என்றேன். அவனுக்குப் புரை ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. ஹால் முழுக்க மழைக்கோட்டு, ஷூ, பிளாஸ்டிக் உறை. சோபாவின் குறுக்கே கூடாரக் கம்பிகள். அவன் சுமையைக் குறைக்கிறேன் என்று பல் தேய்க்கும் பிரஷ்ஷையே பாதியாக உடைத்தான். நான் அவனுக்குத் தெரியாமல் அவன் பையில் இன்னொரு ஜோடி சாக்ஸைத் திணித்தேன். அவன் எடுத்து வெளியே போட்டான். நான் மறுபடி திணித்தேன்.

பைகளையும் கூடாரத்தையும் வாடகைக்குத்தான் எடுத்தோம். பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு கடை. கடைக்காரர் ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணாடி எங்கே என்று மேஜை முழுக்கத் தேடுகிறவர். எனக்கு நீலப் பை, தம்பிக்குப் பச்சைப் பை. பச்சைப் பையின் நெஞ்சுப் பட்டையில் கறுப்புக் கயிற்றில் ஓர் ஆரஞ்சு நிற விசில் தொங்கியது. கொஞ்சம் பழசு. வாய் வைக்கும் இடத்தில் பல் தடம் இருந்தது.

"இந்தப் பையப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன்" என்றார் கடைக்காரர். நெற்றியைச் சொறிந்தார். கண்ணாடி விரலில் பட்டது. "அட, இங்கேயா இருக்கு... என்ன சொல்ல வந்தேன்? மறந்துபோச்சு. ஞாபகம் வந்தா போன் பண்றேன்."

நாங்கள் சிரித்துக்கொண்டே வந்தோம்.

விசிலைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அன்றைக்கே கடைத்தெருவில் எனக்கும் ஒரு விசில் வாங்கினேன். தம்பிக்குத் திசை தெரியாது, எனக்குத் தெரியும். அதனால் பனியில் பிரிந்துவிட்டால் அவன் நகரவே கூடாது. நின்ற இடத்தில் நின்று நீளமாக ஒரு விசில் அடிக்க வேண்டும். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அர்த்தம். நான் சின்னதாக இரண்டு விசில் அடிப்பேன். 'நான் வருகிறேன்' என்று அர்த்தம். நான் வந்து அவன் கையைப் பிடிக்கும்வரை அவன் அசையக் கூடாது.

"ரெண்டு விசில் கேட்டா என்ன பண்ணுவே?"

"நின்ன இடத்துல நிப்பேன். பதிலுக்கு ஒரு விசில் அடிப்பேன்."

"எதுவரைக்கும்?"

"நீ வர்ற வரைக்கும், டீச்சர்."

இந்த விதியைச் சொல்லிக் கொடுத்தது நான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒத்திகை பார்த்தோம். லேசான தூறல். அவன் பையிலிருந்து விசிலை மட்டும் கழற்றிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். நான் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றேன்.

மேலிருந்து நீளமாக ஒரு விசில் வந்தது.

நான் இரண்டு அடித்தேன்.

சற்றுப் பொறுத்து மறுபடி இரண்டு விசில் கேட்டது. நான் அடிக்காத விசில்.

எதிரொலி என்று முதலில் நினைத்தேன். ஆனால் எதிரொலி உடனே வரும், நம் சத்தம் மாதிரியே இருக்கும். இது மெதுவாக யோசித்து அடித்தது மாதிரி வந்தது. சத்தமும் வேறு. விசிலுக்குள் தண்ணீர் போயிருந்தால் கொழகொழவென்று ஒரு சத்தம் வருமே, அது. பக்கத்துக் கட்டடத்தில் ஏதோ பொடியன்கள் விளையாடுகிறார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு மாடி ஏறினேன்.

தம்பி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றான். முகத்தில் ஏதோ யோசனை.

"ஏன்க்கா ரெண்டு தடவ அடிச்சே?"

"நான் ஒரு தடவதான் அடிச்சேன்."

"ரெண்டாவது தடவ இந்தப் பக்கம் கேட்டுச்சு." இடது காதைத் தொட்டுக் காட்டினான்.

"உனக்கு ஏதுடா பக்கம்?" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். மணி மூன்று இருபது. ஹாலில் இருட்டில் யாரோ நிற்பது தெரிந்து விளக்கைப் போட்டேன். தம்பி. பச்சைப் பைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து விறைப்பாக நின்றுகொண்டிருந்தான்.

"என்னடா பண்றே இங்க?"

"நீதானே நிக்கச் சொன்னே."

"நானா? எப்போ?"

"ரெண்டு விசில் கேட்டா நின்ன இடத்துல நில்லுன்னு..."

கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் படுக்க வைத்தேன். கை சில்லென்று இருந்தது. திரும்பி வந்து பார்த்தபோது பைக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது. அந்தப் பையை நாங்கள் மழையில் எடுத்துப் போகவே இல்லை. தொட்டுப் பார்த்தேன், வெளியே காய்ந்துதான் இருந்தது. ஆனால் அழுகிய இலை வாசம் வந்தது. துணியால் துடைத்துவிட்டுப் படுத்தேன். விடியும்வரை புரண்டுகொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை. கிளினிக்.

எங்கள் பரிசோதனை அறையைப் பற்றிச் சொல்கிறேன். அறைக்குள் ஓர் அறை. கனமான கதவு. சுவர் முழுக்கச் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு. உள்ளே உட்கார்ந்தால் வெளியே இடி இடித்தாலும் பெரிதாகக் கேட்காது. சோதனைக்கு வந்தவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையில் ஒரு பட்டனை வைத்திருப்பார். நான் வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். நான் அனுப்பும் சத்தம் கேட்டால் அவர் பட்டனை அழுத்துவார். என் மெஷினில் சின்ன விளக்கு எரியும். மைக் பட்டனை அழுத்திப் பேசினால் நான் சொல்வது அவருக்குக் கேட்கும்; அவர் பேசுவது மெஷின் வழியாக எனக்குக் கேட்கும்.

அன்றைக்கு வந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். நல்ல பேச்சுக்காரர். உட்கார வைத்து, கதவைச் சாத்தி, என் இடத்துக்கு வந்து பேனாவை எடுத்தேன். இன்னும் சத்தம் எதுவும் அனுப்பவில்லை.

விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

மைக்கில் சொன்னேன். "ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கல. சத்தம் கேட்டா மட்டும் அழுத்துங்க."

"கேட்டுச்சேம்மா. ரெண்டு விசில்."

பேனாவைக் கீழே வைத்தேன்.

"ரெண்டு விசில்னா வண்டிய எடுன்னு அர்த்தம். முப்பது வருஷம் அடிச்சவனுக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். பிறகு தலையைச் சாய்த்து, "ஆனா யாரோ தண்ணிக்குள்ள இருந்து அடிக்கிற மாதிரி இருக்கு. மெஷினப் பாருங்கம்மா" என்றார்.

மெஷினைப் பார்த்தேன். ஒயரைப் பார்த்தேன். ஹெட்போனை நானே மாட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவரை வேறொரு நாள் வரச் சொல்லி அனுப்பினேன்.

தம்பியைச் சோதித்துப் பார்த்தாக வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். அவனுக்குக் காதில் ஏதோ கோளாறு, அதனால் சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டால் போதும். எனக்குக் கேட்டதற்கும் கண்டக்டருக்குக் கேட்டதற்கும் வேறு ஏதாவது காரணம் தேடிக்கொள்ளலாம்.

புதன்கிழமை. சாயங்காலம் ஏழு பத்து. டாக்டர் போய்விட்டார். வெளியே நல்ல மழை. தம்பியை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன்.

வலது காது. எப்போதும் போலச் சரி.

இடது காது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். மெஷினில் இருக்கும் கடைசி அளவுவரை போனேன். அவன் பட்டனைத் தொடவில்லை. கொட்டாவி விட்டான். எனக்கு உயிர் வந்தது. சத்தம் அனுப்புவதை நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன்.

விளக்கு எரிந்தது.

அணைந்தது. எரிந்தது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டை விரல் பட்டன் மேல்.

இரண்டு முறை. ஓர் இடைவெளி. இரண்டு முறை.

இடைவெளி குறைந்துகொண்டே வந்தது...

"டேய், எந்தக் காதுல?" என்றேன்.

இடது கையைத் தூக்கி இடது காதைக் காட்டினான்.

"வரேன் வரேன்னு அடிக்கிறியே தவிர, வர மாட்டேங்கிறியேக்கா" என்றான்.

என்னிடம் விசில் இல்லை. வீட்டில் இருந்தது.

அவன் சட்டைக்குள் கையை விட்டான். கறுப்புக் கயிறு. ஆரஞ்சு விசில். ஒத்திகை முடிந்ததும் பையில் திரும்ப மாட்டியதை மறுபடி எப்போது கழற்றினான் என்று எனக்குத் தெரியாது.

"ஊதாதே."

மைக்கை அழுத்த மறந்துவிட்டேன்.

"ஊதாதேடா..."

நீளமாக ஒரு விசில். மெஷின் வழியாக எனக்கு மெல்லியதாகத்தான் கேட்டது.

நான் இங்கே இருக்கிறேன்.

பிறகு விளக்கு எரியவில்லை.

தம்பி தலையைத் திருப்பினான்.

இடது பக்கம். சட்டென்று. சரியாக.

அந்தக் காது போனதிலிருந்து ஒரு தடவைகூட அவன் ஒரு சத்தத்தின் பக்கம் அப்படித் திரும்பியதில்லை.

அங்கே பஞ்சுச் சுவர்தான் இருந்தது.

அவன் மெதுவாக முகத்தைத் தூக்கினான். பக்கத்தில் நிற்கும் ஒருவரைப் பார்ப்பது போல.

சிரித்தான்.

"வந்துட்டியா" என்றான்.

கதவை எப்படித் திறந்தேன் என்று தெரியவில்லை. உள்ளே அழுகிய இலை வாசம் முகத்தில் அடித்தது. யாரும் இல்லை. தம்பியைக் கட்டிப் பிடித்து, ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். என் புறங்கையெல்லாம் ஈரமானது. கீழே கிடந்த ஹெட்போனின் இடது பக்கத்திலிருந்து சேறு கலந்த தண்ணீர் தரையில் ஓடியது.

மறுநாள் கடை திறக்கும்போதே பை, கூடாரம், விசில் எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தேன். வாடகையைத் திருப்பிக் கேட்கவில்லை. கடைக்காரர் பச்சைப் பையைப் பார்த்ததும் தலையில் தட்டிக்கொண்டார்.

"இப்பதான்மா ஞாபகம் வருது. இந்த விசில ஊத வேண்டாம்னு சொல்ல வந்தேன்."

"ஏன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கள மாதிரியே ஒரு அக்காவும் தம்பியும்தான். அதே மலைக்குப் போனாங்க. மேகம் இறங்கி, தம்பி தனியா மாட்டிக்கிட்டாரு. ஆனா புத்திசாலி. நின்ன இடத்துலயே நின்னு இந்த விசில அடிச்சிக்கிட்டே இருந்திருக்காரு. அவங்க அக்கா தேடிப் போயிருக்காங்க. மறுநாள் தேடப் போன மத்தவங்க அவர நின்ன இடத்துல இருந்தே பத்திரமா கூட்டிட்டு வந்துட்டாங்க."

"அக்கா?"

"அவங்கதான் கிடைக்கல. இன்னி வரைக்கும் கிடைக்கல." கண்ணாடியை மறுபடி நெற்றியில் ஏற்றினார். "ராத்திரி பூரா ரெண்டு ரெண்டு விசிலா பதில் வந்துச்சாம். கிட்ட கிட்ட வந்துச்சாம். ஆனா வந்து சேரலையாம். வீட்டுக்கு வந்த பிறகும், இத ஊதினா அந்தப் பதில் வருதுன்னு அவரு சொன்னாரு. பயந்துபோய்தான் பையோட இங்க குடுத்துட்டாரு. தூக்கிப் போடவும் அவருக்கு மனசு வரல."

எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. அவளும் ஓர் அக்கா. தம்பியைத் தேடி இருட்டில், மழையில், எவ்வளவு நாளாக நடந்துகொண்டிருக்கிறாள். பாதி வழி வந்த பிறகுதான் மற்றது உறைத்தது. அவள் தேடியது அவள் தம்பியை. அவளுக்குக் கிடைத்தது என் தம்பி.

மலைப் பயணம் அத்தோடு நின்றது. சுவரில் வரைபடத்தைக் கிழித்த இடத்தில் டேப் ஒட்டிய தடம் மட்டும் இருக்கிறது. தம்பி அதற்காகச் சண்டை போடவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டரே அவனை மறுபடி சோதித்தார். இடது காதில் ஒன்றும் இல்லை, பழையபடி சுத்தமாகக் கேட்கவில்லை என்றார்.

ஆனால் இப்போதெல்லாம் செல்போன் அடித்தால் அவன் தேடுவதில்லை. நேராகப் போய் எடுக்கிறான். சோபாவுக்கு அடியில் கிடந்தாலும் சரி. "எப்படிடா?" என்று கேட்டால், "சொல்றாங்கள்ல" என்கிறான்.

நேற்று சாயங்காலம் மழை பெய்துகொண்டிருந்தது. சமையலறையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டேன். அவன் ஹாலில் நின்றுகொண்டிருந்தான். நான் இருந்தது அவனுக்கு வலது பக்கம். அவன் என் பக்கம் திரும்பவில்லை. இடது பக்கம், முன்பு பச்சைப் பை சாய்ந்திருந்த மூலையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு கொஞ்சம் சலிப்போடு சொன்னான்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கூப்பிட்டா, நான் யாருகிட்டக்கா வர்றது?"